1.7 விநாடியும் 22 ஆண்டும்

பள்ளி நாட்களில் சிமென்ட் தரையில் கூடைப்பந்து ஆடியவள் நான். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் பந்து வந்தால் கை பதறும். அவசரமாக எறிந்து, பலகையில் பட்டுத் தெறித்த பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். அதனாலோ என்னவோ, அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்துத் தொடரான டபிள்யூ.என்.பி.ஏ.வின் 2015 இறுதிச்சுற்றில் மூன்றாவது ஆட்டக் காணொளி எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இண்டியானா அணியுடன் 77-77 என்று சமநிலை. மிச்சம் 1.7 விநாடி. மினசோட்டா லிங்க்ஸின் மாயா மூர் கைக்குப் பந்து வருகிறது. உடனே எறியவில்லை, எறிவதுபோல் போக்குக் காட்டுகிறார். தடுக்க வந்தவர் ஏமாந்து தாண்டிப் போகிறார். பந்தை ஒரு தட்டுத் தட்டி, விலகி நின்று, அப்புறம்தான் எறிகிறார். மூன்று புள்ளி, வெற்றி!

1989இல் மிசௌரி மாநிலத்தின் ஜெஃபர்சன் சிட்டியில் பிறந்தவர் மாயா. கனெக்டிகட் பல்கலைக்கழக அணி தொடர்ந்து 90 ஆட்டங்களை வென்றபோது அதன் தூணாக இருந்தார். 2011இல் லிங்க்ஸ் அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. 2011, 2013, 2015, 2017 என நான்கு கோப்பைகள். 2014இல் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது. லண்டன், ரியோ ஒலிம்பிக்குகளில் தங்கம்.

2019இல், 29 வயதில், இந்த ஆண்டு ஆடப்போவதில்லை என்று அறிவித்தார். காயம் எதுவும் இல்லை. ஜொனதன் அயர்ன்ஸ் என்ற கைதியின் வழக்குதான் காரணம்.

வீடு புகுந்து உரிமையாளரைச் சுட்டதாக அயர்ன்ஸுக்கு 50 ஆண்டு சிறை. சம்பவத்தின்போது அவர் 16 வயதுக் கறுப்பினச் சிறுவன். நடுவர் குழுவில் இருந்த அத்தனை பேரும் வெள்ளையர். கைரேகை, ரத்தம் என்று அவரைக் குற்றத்தோடு முடிச்சுப்போடும் தடயம் ஒன்றுகூட இல்லை. சிறை ஊழியத்தில் ஈடுபட்டிருந்த உறவினர்கள் மூலம் 2007இல் அவரைச் சந்தித்த மாயா, அன்று கல்லூரிக்குள் காலெடுத்து வைக்கவிருந்த பெண்.

வழக்கைப் புரட்டியது ஒரு கைரேகை அறிக்கை. அந்த வீட்டில் கிடைத்த ஒரு ரேகை அயர்ன்ஸுடையதும் இல்லை, வீட்டுக்காரருடையதும் இல்லை. அந்தத் தகவல் அயர்ன்ஸின் தரப்புக்குத் தரப்படவே இல்லை. 2020 மார்ச்சில் நீதிபதி தண்டனையை ரத்துசெய்தார். ஜூலை 1 அன்று அயர்ன்ஸ் வெளியே வந்தபோது மாயா தரையில் மண்டியிட்டு விழுந்தார். பிறகு இருவரும் மணம் செய்துகொண்டார்கள்.

இப்படிப்பட்ட தகவலைத் தரவேண்டிய அரசு வழக்கறிஞர்கள், அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் தேர்தலில் நின்று பதவிக்கு வருகிறவர்கள். ஓட்டுப் போடுகிறவர்களுக்கு அவர்களுடைய பொறுப்பை எடுத்துச்சொல்வதே மாயா தொடங்கிய ‘வின் வித் ஜஸ்டிஸ்’ அமைப்பின் முக்கிய வேலை.

அவர் களத்துக்குத் திரும்பவே இல்லை. 2023இல் ஓய்வை அறிவித்தார். அடுத்த ஆண்டு, இனி யாரும் அணியக்கூடாது என்று அவருடைய 23ஆம் எண் சட்டைக்கு லிங்க்ஸ் ஓய்வு கொடுத்தது.

ஆட்டக்காரர்களின் சமூக சேவை என்றால் காசோலையும் புகைப்படமும்தான் நமக்கு நினைவுக்கு வரும். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். ஓடியாடும் வயது போனால் போனதுதான். மாயா கொடுத்தது அதை. சிறைக்குப் போன சிறுவன், தண்டிக்கப்பட்டு 22 ஆண்டு கழித்து வெளியே வந்தபோது, அயர்ன்ஸுக்கு வயது 40.