பாரத்துக்கு ஆகாத உயரம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ராக்கி மலைத்தொடரைக் குடைந்துகொண்டு போகிறது ஐசனோவர் சுரங்கப்பாதை. 1973-இல் திறக்கப்பட்ட இது, கடல் மட்டத்திலிருந்து 11,000 அடிக்கும் மேலே இருக்கிறது. மேற்கு வாயிலை விட்டு வெளியே வந்ததும் ஐ-70 நெடுஞ்சாலை சில்வர்தார்ன் ஊரை நோக்கிச் சரியத் தொடங்கும். நூறடி போனால் ஏழடி இறக்கம். பிரேக் பிடிக்காமல் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே சாலையோரத்தில் சரளைக்கல் கொட்டிய மேட்டுப்பாதைகள் போட்டு வைத்திருக்கிறார்கள்.

படகையோ குதிரைகளையோ சக்கரம் வைத்த வீட்டையோ டிரெய்லரில் இழுத்துக்கொண்டு பிக்கப் டிரக்குகள் அந்தச் சரிவில் இறங்கும். அவற்றுள் சில எக்கி நிற்பவை. சஸ்பென்ஷனை மாற்றி நான்கு அங்குலமோ ஆறு அங்குலமோ உடலைத் தூக்கி, பெரிய டயர் மாட்டியிருப்பார்கள். ‘லிஃப்ட்’ என்று அதற்குப் பெயர். பாறையும் பனியும் சேறுமான காட்டுப்பாதைக்கு அது உண்மையிலேயே உதவும். பார்ப்பவர்களுக்கு, வண்டிக்கு யானை பலம் வந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் பாரம் இழுப்பது என்று வந்துவிட்டால், தூக்கிய ஒவ்வோர் அங்குலத்துக்கும் வண்டி எங்காவது ஓரிடத்தில் விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

முதல் விலை டயரில். 32 அங்குல டயர் இருந்த இடத்தில் 35 அங்குல டயரை மாட்டினால், எஞ்சின் தரும் அதே முறுக்குவிசை இன்னும் நீண்ட ஆரத்தின் முனையில் நின்று தரையைத் தள்ள வேண்டும். தரையில் கிடைக்கும் இழுவிசை ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்துவிடும். பிரேக்குக்கும் அதே கணக்குதான். வேகமானியைத் திருத்தாவிட்டால், அது 100 காட்டும்போது வண்டி 109-இல் ஓடிக்கொண்டிருக்கும். அச்சில் 3.73 விகித கியரை எடுத்துவிட்டு 4.10 போட்டால் இழுவிசை பழைய நிலைக்குத் திரும்பும். பிரேக்கின் பிடி திரும்பாது.

“கம்பெனியே இத்தனை டன் இழுக்கும் என்று சொல்லியிருக்கிறதே” என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எண் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். எஸ்ஏஇ ஜே2807 என்ற தரவிதியின்படி, அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே உள்ள நீண்ட மலையேற்றத்தை அளவுகோலாக வைத்து டிரக்கைச் சோதிக்கிறார்கள். கொளுத்தும் வெயிலில், ஏசி முழு வீச்சில் ஓட, முழுப் பாரத்தோடு மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். அந்தத் தேர்வில் வென்றது தொழிற்சாலை உயரத்தில், தொழிற்சாலை டயரில் நின்ற டிரக். லிஃப்ட் செய்த டிரக் அந்தத் தேர்வை எழுதவே இல்லை.

இனி டிரெய்லருக்கு வருவோம். நம்மூர் மாட்டுவண்டியில் மூட்டை அடுக்குகிறவர்கள் முன்பாரம், பின்பாரம் பார்ப்பார்கள். முன்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிஞ்சினால் நுகம் மேலே தூக்கிக்கொள்ளும். டிரெய்லரும் அந்த வண்டிதான், மாட்டின் இடத்தில் டிரக் நிற்கிறது. பின்பம்பருக்குக் கீழே ‘ஹிட்ச்’ என்ற இணைப்பின் பந்தில் மாட்டும் டிரெய்லராக இருந்தால், மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அந்தப் பந்தின்மேல் உட்கார வேண்டும். 3,000 கிலோ டிரெய்லருக்கு 300 முதல் 450 கிலோ.

அது குறைந்து பின்பாரம் ஏறிவிட்டால் வருவதுதான் வாலாட்டம். முந்திப் போகும் லாரியின் காற்று லேசாகத் தள்ளினாலே போதும். டிரெய்லர் அச்சுக்குப் பின்னால் இருக்கும் எடை ஒரு பக்கம் வீசும். முன்முனை டிரக்கின் பின்புறத்தை மறுபக்கம் தள்ளும். அதனால் டிரக் சற்றே திரும்ப, அந்தத் திருப்பம் டிரெய்லரை மீண்டும் வீசும். மெதுவாகப் போகும்போது டயர்களின் பிடி ஒவ்வோர் ஆட்டத்தையும் சிறிதாக்கி அடக்கிவிடும். வேகம் கூடக் கூட அந்த அடக்கும் சக்தி தேயும். ஓர் எல்லையைத் தாண்டினால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகிக்கொண்டே போகும். அதற்கு வேண்டிய ஆற்றலை வண்டியின் ஓட்டமே ஊட்டிக்கொண்டிருக்கும். உயரமான டயரின் பக்கச்சுவர் எளிதில் வளைவதாலும், ஈர்ப்பு மையம் மேலே போய்விட்டதாலும், லிஃப்ட் செய்த டிரக் இந்தத் தள்ளலுக்கு அதிகமாகவே சாயும்.

வாலாட்டம் தொடங்கிவிட்டால் டிரக்கின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது, ஸ்டீயரிங்கை எதிர்த்துத் திருப்பக் கூடாது, வேகமெடுத்து நிமிர்த்தவும் பார்க்கக் கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஓட்டுநர் அருகே இருக்கும் பிரேக் கன்ட்ரோலரின் கைவிசையால் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் இயக்க வேண்டும். பின்னாலிருந்து இழுத்துப் பிடித்த கயிறுபோல அது வண்டியை நேராக்கும்.

டிரக் உயர்ந்ததால் ஹிட்ச் பந்தும் உயர்ந்து டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டு அச்சு டிரெய்லரில் இதனால் பின் அச்சின் டயர்கள் கூடுதல் பாரம் தாங்கிச் சூடேறும். முன் அச்சின் பிரேக் தரையைச் சரியாகப் பிடிக்காது. இதைச் சரிசெய்ய, பந்தைக் கீழே இறக்கும் நீளமான ஹிட்ச் போடுகிறார்கள். போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த நீளம் ஒரு நெம்புகோல். டிரெய்லரின் பிரேக் வேலை செய்யாத நேரத்தில் டிரக் சற்று வேகமாக நின்றால், 3,000 கிலோ டிரெய்லர் 1,500 கிலோ எடைக்குச் சமமான விசையோடு பந்தை முன்னால் தள்ளலாம். பந்து 25 சென்டிமீட்டர் கீழே இருந்தால், ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் 375 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமமான முறுக்கு அது. டிரக்கின் சட்டத்தோடு ஹிட்ச் இணையும் இடம் அதைத் தாங்க வேண்டும்.

மறுபடி அந்தக் கொலராடோ சரிவு. டிரக்கும் டிரெய்லருமாக 6,000 கிலோ, 600 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அப்போது வெளிப்படும் ஆற்றல், நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அத்தனையையும் பிரேக் தட்டுகளின் தலையில் கட்டினால் அவை பழுத்து, பிடி விட்டுப்போகும். சரிவு தொடங்குவதற்கு முன்பே கீழ் கியருக்கு மாறி, எஞ்சினையும் அந்தச் சுமையில் பங்கெடுக்க வைப்பதுதான் வழி.

அமெரிக்காவில் பிக்கப் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பந்தின்மேல் விழும் பாரத்தைக் குளியலறைத் தராசிலேயே அளக்கலாம். டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, ஒரு கனத்த பலகையின் ஒரு முனையைச் செங்கல்மேலும் மறுமுனையைத் தராசின்மேலும் வையுங்கள். டிரெய்லரின் முன்முனை செங்கல்லிலிருந்து ஓரடி, தராசிலிருந்து இரண்டடி தள்ளி அமரட்டும். தராசு காட்டும் எண்ணிலிருந்து, பலகை மட்டும் இருந்தபோது அது காட்டிய எண்ணைக் கழித்து, மீதியை மூன்றால் பெருக்கினால் விடை கிடைத்துவிடும். மொத்த எடைக்கு, லாரிகள் நிறுத்துமிடங்களில் உள்ள எடைமேடையில் ஒருமுறை ஏற்றுங்கள். குழந்தைகளைப் பின்னிருக்கையில் உட்கார வைப்பதற்கு முன்பே இந்த இரண்டையும் முடித்துவிடுங்கள்.