காய்ந்த விறகுக்கு ஒரு கூரை

வரக்காப்பொலையில் வீட்டைச் சூடாக்க யாருக்கும் அடுப்பு தேவைப்படுவதில்லை. கொழும்பு–கண்டி வீதியில் போகிறவர்கள் தளகுலி வாங்க இறங்கும் இந்த ஊரில், ஆண்டு முழுவதும் உடம்பில் வியர்வை ஒட்டிக்கொண்டே இருக்கும். குளிர்நாட்டு வீடுகளின் வரவேற்பறையை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் பெல்லட் அடுப்புக்கு இங்கே வேலையில்லை. ஆனாலும் அந்த அடுப்பு எப்படி எரிகிறது, அதை எப்படிக் கூட்டிக் குறைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் றப்பர் விறகில் சோறு வேகும் அடுப்பு ஏன் புகைகிறது என்பது விளங்கும். புகைக்கு அடுப்பைத்தான் நாம் குற்றம் சொல்கிறோம். குற்றம் பெரும்பாலும் விறகில் இருக்கிறது, அதிலும் விறகை வைத்த இடத்தில் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

பெல்லட் என்பது மரத்தூளை மிகுந்த அழுத்தத்தில் துளை வழியே தள்ளிச் செய்யும் சிறு உருளை. அழுத்தத்தின் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் இளகித் தானே பசைபோலப் பிடித்துக்கொள்கிறது. விட்டம் 6 அல்லது 8 மில்லிமீற்றர். ஈரம் நூற்றுக்குப் பத்தைத் தாண்டக்கூடாது. அடுப்போடு சேர்ந்த பெட்டியில் இதைக் கொட்டிவிட்டால், மோட்டாரில் சுழலும் திருகு ஒன்று கொஞ்சங்கொஞ்சமாக எரிகிண்ணத்தில் தள்ளும்; விசிறி காற்றைக் கொண்டுவரும். இந்த அடுப்பைச் சரிபண்ணுவது என்றால், விழும் பெல்லட்டின் அளவையும் வரும் காற்றின் அளவையும் ஒன்றுக்கொன்று பொருந்த வைப்பதுதான். காற்று போதாவிட்டால் சுவாலை நீண்டு, சோம்பி, நுனி கறுத்து ஆடும். கண்ணாடிக் கதவில் கரி படியும். கிண்ணத்தில் எரியாத பெல்லட் குவியும். காற்று மிகுந்தால் சுவாலை குட்டையாகச் சீறும். தணல் கிண்ணத்தை விட்டுத் தெறிக்கும். சூடெல்லாம் குழாய் வழியே வெளியே ஓடிவிடும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது: சுவாலை துடிப்பாக, மஞ்சளாக, நுனியில் கறுப்பில்லாமல் நிற்கும் இடம். அந்த இடத்தில் அடுப்பை ஒருமுறை நிறுத்திவிட்டால் மணிக்கணக்கில் அப்படியே எரியும்.

மணிக்கணக்கில் அப்படியே எரிவதற்கு விசிறியும் மோட்டாரும் மட்டும் காரணமாகிவிட முடியாது. உள்ளே விழும் ஒவ்வொரு துண்டும் ஒரே பருமன், ஒரே உலர்வு. அதனால்தான் காற்றை ஒருமுறை அளந்து வைத்தால் போதுமாக இருக்கிறது. அதே அடுப்பில் நனைந்து உப்பிய பெல்லட்டைப் போட்டால் திருகு அடைத்துக்கொள்ளும், கண்ணாடி கறுக்கும், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பயனிராது. இயந்திரத்தின் திறமை என்று நாம் வியப்பதில் பெரும்பங்கு, தொழிற்சாலையில் முன்கூட்டியே உலர்த்தி அளவாக்கிய விறகின் திறமை.

இப்போது நம் பக்கத்து விறகைப் பார்ப்போம். 1876ஆம் ஆண்டு கியூ பூங்காவிலிருந்து வந்த றப்பர் கன்றுகள் ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. இன்று கேகாலை மாவட்டச் சரிவுகளில் நிற்கும் றப்பரின் கதை அங்கிருந்து தொடங்குகிறது. முப்பது ஆண்டளவில் பால் குறைந்த மரங்களை வெட்டி மறுநடுகை செய்யும்போது தடித்த மரம் லொறியேறித் தேயிலை ஸ்டோர்களின் உலைகளுக்கும் மரக்காலைகளுக்கும் போகிறது. கிளையும் கொம்பும் லயத்துக்கு வருகின்றன. அதோடு தென்னம்பாளை, பொச்சு, சிரட்டை, வேலியில் வெட்டிய கிளிரிசீடியா. எரிபொருளுக்குப் பஞ்சமில்லாத ஊர்தான் இது. ஆனால் ஈரவலயம் என்ற பெயரே ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழும் பகுதிக்கு உரியது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து ஒரு மூச்சு விடுவதற்குள் ஒக்டோபர் மழை வந்துவிடுகிறது. லயத்துச் சுவரோரம் சாத்திய விறகு காய்ந்ததுபோல் தோன்றுமே தவிர, உள்ளே ஈரம் நிற்கும்.

அந்த ஈரம் செய்யும் கேட்டைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். அப்போது வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். ஒரு கிலோ பச்சை விறகு என்றால் அரைக் கிலோ மரம், அரை லீற்றர் தண்ணீர். அரைக் கிலோ உலர்ந்த மரம் 9 மெகாஜூல் அளவு வெப்பம் தரும். அரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்க அதில் 1.3 மெகாஜூல் போய்விடும். அதாவது ஏழில் ஒரு பங்கு. இந்த நட்டத்தையாவது இன்னொரு கட்டை வைத்து ஈடுகட்டலாம். ஈடுகட்ட முடியாத நட்டம் வேறு. விறகு எரிகிறது என்று சொல்லும்போது உண்மையில் எரிவது பெரும்பாலும் விறகிலிருந்து கிளம்பும் ஆவிகளே. உலர்ந்த மரத்தில் ஐந்தில் நான்கு பங்கு சூடேறும்போது ஆவியாகக் கிளம்பிவிடும். மிஞ்சும் ஒரு பங்குதான் கரி. அந்த ஆவி முழுமையாக எரிய அடுப்பின் வாய் கொதிக்கும் தண்ணீரைவிடப் பல மடங்கு சூடாக இருக்க வேண்டும். உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அந்தச் சூடு வராது. எரியாமல் தப்பிய ஆவியே கண்ணைக் கரிக்கும் புகை. பானையின் அடியில் கறுப்பு வெல்வெட்டாய் ஒட்டுவதும் அதுவே. புகையும் அடுப்பிலிருந்து கூரை வழியே போவது காசு கொடுத்தோ முதுகு நோகச் சுமந்தோ கொண்டுவந்த எரிபொருள்.

அப்படியானால் மரத்தூளைப் பெல்லட்டாக்கி நம் ஊருக்கே கொண்டுவந்தால் என்ன? நியாயமான கேள்வி. தமிழ்நாடு உட்பட இந்தியாவின் தென்பகுதி மாநிலங்களில் இதைச் செய்து பார்த்தார்கள். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் எச். எஸ். முகுந்தாவின் குழு வடிவமைத்த 'ஊர்ஜா' அடுப்பை, பிரித்தானிய எண்ணெய் நிறுவனமான பிபி 2006இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. கரும்புச் சக்கை, நிலக்கடலைத் தோல் போன்ற பயிர்க்கழிவில் செய்த பெல்லட்டை அறையில் நிரப்பி மேலிருந்து தீ மூட்ட வேண்டும். மின்கலத்தில் ஓடும் சின்ன விசிறி கீழே கொஞ்சமும் மேலே மிகுதியுமாகக் காற்றை ஊதும். கீழ்க்காற்று பெல்லட்டை ஆவியாக்கும், மேல்காற்று அந்த ஆவியை எரிக்கும். புகை மிகக் குறைவு. சில ஆண்டுகளில் நான்கு இலட்சம் அளவில் விற்றது. அடுப்பைப் பொறுத்தவரை அது பெரிய சாதனை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கரும்புச் சக்கையைத் தொழிற்சாலைகளும் எரிபொருளாகக் கேட்கத் தொடங்கியபோது பெல்லட்டின் விலை ஏறியது. பிபி ஒதுங்கிக்கொள்ள, 2009இல் பொறுப்பேற்ற வேறு நிறுவனம் வீடுகளைவிட உணவகங்களின் பக்கம் திரும்பியது. பெல்லட் கிடைக்காத வீட்டில் ஊர்ஜா மூலைக்குப் போனது. அதே வீட்டுப் பெண்கள் பழைய அடுப்பில் மறுபடி விறகை வைத்தார்கள். ஒரே ஒரு தொழிற்சாலை தரும் ஒரே ஒரு எரிபொருளை மட்டும் தின்னும் அடுப்பு, அந்தத் தொழிற்சாலையின் இலாப நட்டத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. வரக்காப்பொலையில் இன்னும் இரண்டு தடைகள் உண்டு. இந்த ஈரக்காற்றில் திறந்துவைத்த பெல்லட் உப்பி உதிரும். விசிறிக்கு மின்சாரமும் வேண்டும்; 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாடு இது.

இன்னொரு எதிர்ப்பு இதைவிட வலுவானது. விறகையே விட்டுவிட்டுக் காஸுக்குப் போவதுதானே முறை என்பார்கள். காஸ் தூய்மையானது என்பதை மறுக்க ஒன்றுமில்லை. வாங்க முடிந்த வீடு தாராளமாக வாங்கட்டும். ஆனால் 2021 ஒக்டோபரில் 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் ஒரே நாளில் 2,750 ஆனது. 2022 ஏப்ரலில் 4,860. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபாய். ஏறத்தாழ ஐந்து நாள் உழைப்பு ஒரு சிலிண்டர், அதுவும் கடையில் இருந்தால். நடுவில் 2021 கடைசியில் சிலிண்டரிலுள்ள வாயுக்கலவை மாறியதையொட்டி நூற்றுக்கணக்கான வீடுகளில் வெடிப்பும் தீயும் நிகழ்ந்தன. காஸுக்கு மாறிய பட்டணத்து வீடுகளே அந்த நெருக்கடிக் காலத்தில் மண்ணடுப்பைத் தேடி வாங்கின. 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விறகில் சமைப்பதாகத் தெரிந்தது. காஸ் அடுப்பு உள்ள வீட்டிலும் விறகடுப்பு ஒன்று ஓரத்தில் இருப்பதற்குக் காரணம் பழைமைப் பற்று என்று நினைப்பது தவறு. அது ஒரு காப்புறுதி. அந்த அடுப்பைப் புகையில்லாமல் எரிய வைக்கும் வழியைப் பேசாமல் இருந்தால், நாட்டின் ஏராளமான வீடுகளை விட்டுவிட்டுப் பேசுகிறோம் என்று பொருள்.

நல்லவேளையாக, அதற்கான அடுப்பு நம்மிடமே உண்டு. 1980களில் இலங்கையில் உருவாகி, குயவர்கள் களிமண்ணில் வனையும் 'அனகி' அடுப்பில் ஒரு வாயில் விறகு வைத்தால் இரண்டு பாத்திரம் வேகும். மூன்று கல் அடுப்போடு ஒப்பிட்டால் விறகில் கணிசமான மிச்சம் கிடைக்கும். இதில் திருகும் இல்லை, பொத்தானும் இல்லை. கூட்டுவதும் குறைப்பதும் கையால்தான். இங்கேதான் பெல்லட் அடுப்பின் பாடம் நேரடியாகப் பொருந்துகிறது. விறகைப் பெருவிரல் பருமனுக்கு, மிஞ்சினால் இரண்டு விரல் பருமனுக்குப் பிளந்துகொண்டால் துண்டுகள் ஒரே சீராக எரியும். வாயை அடைத்துக் கட்டைகளைத் திணிப்பது, பெல்லட் அடுப்பில் காற்றை மூடிவிட்டுத் திருகை வேகமாகச் சுழற்றுவதற்குச் சமம். இரண்டு மூன்று துண்டு போதும். முன்பக்கம் ஒரு சின்னக் கல்லைக் கொடுத்து விறகைத் தூக்கி வைத்தால் அடியில் காற்று போகும். துண்டின் நுனி எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டே வருவதுதான் இங்கே திருகின் வேலை. சாம்பல் ஏறிக் காற்றுவழி அடைபடாமல் ஒவ்வொரு சமையலுக்கு முன்பும் வழித்தெடுக்க வேண்டும். அடையாளங்களும் அவையேதான். நுனி கறுத்த நீண்ட சுவாலை என்றால் விறகைக் கொஞ்சம் வெளியே இழுக்க வேண்டும். விறகின் பின்முனையில் நுரை தள்ளிச் 'சீ' என்று ஒலி வந்தால் அது காயவில்லை. அதை எடுத்து வெளியே வைப்பதைத் தவிர வழியில்லை. ஊதுகுழலுக்கு அடிக்கடி வேலை வருகிறதென்றால், அங்கே காற்று குறைவு அல்லது ஈரம் மிகுதி. சாம்பல் வெளுத்து இலேசாக இருந்தால் விறகு முழுதும் எரிந்திருக்கிறது. கொதி வந்தபின் ஒரு துண்டை வெளியே இழுத்துவிட்டு, தணலின் சூட்டிலேயே பருப்பை வேகவிடலாம். இதையெல்லாம் லயத்துப் பெண்கள் கையால் அறிவார்கள். அவர்களுக்கு அடுப்பெரிக்கச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தகுதியில்லை. காய்ந்த விறகு கையில் இருந்தால் இந்த அறிவு முழுதும் வேலை செய்யும், ஈர விறகில் அதற்கு இடமே இல்லை என்பதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

இதனால் நோய் நின்றுவிடுமா? அப்படி உறுதி சொல்பவர்களை நம்பக்கூடாது. வீட்டுக்குள் எரியும் எரிபொருளின் புகையால் 2020இல் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மலாவியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து நடந்து 2016இல் வெளியான ஆய்வில், விசிறி பொருத்திய நல்ல அடுப்புகள் கொடுத்தும் நிமோனியா குறையவில்லை. குப்பை எரிப்பு, பக்கத்து வீட்டுப் புகை என்று குழந்தையைச் சுற்றி வேறு புகைகளும் இருந்தன. நம் லயங்களில் முதுகோடு முதுகாக ஒட்டிய காமராக்களில் ஒரு வீட்டுப் புகை அடுத்த வீட்டுக்கும் போகிறது. ஆகவே புகைபோக்கியும் காற்றோட்டமும் தனியே வேண்டும். காய்ந்த விறகு அவற்றுக்கு மாற்றாகாது. புகை இல்லாத தணலும் ஆபத்தற்றது ஆகிவிடாது. மழைக்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தணல் சட்டியைப் பக்கத்தில் வைத்துத் தூங்கினால் கார்பன் மொனொக்சைட்டு மணமில்லாமல் ஆளைக் கொல்லும். ஆனால் காய்ந்த விறகு புகை பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைக்கிறது. அதற்குப் புது அடுப்போ மின்சாரமோ நிறுவனமோ தேவையில்லை.

கடைசியாக ஓர் எதிர்ப்பு மிஞ்சுகிறது. எல்லாவற்றிலும் கனமானது இதுதான். விடிய முன்னே பால்வெட்டப் போய், வந்து சமைத்து, பிள்ளைகளைப் பார்க்கும் பெண்ணிடம் விறகைப் பிளந்து, அடுக்கி, மூன்று மாதம் காயவிடு என்று சொல்வது அவள் தலையில் இன்னொரு சுமை ஏற்றுவதல்லவா? ஆம், அவளிடம் மட்டும் சொன்னால் சுமைதான். காயவிட இடமில்லாதவளிடம் காயவிடச் சொல்வது கொடுமையும்கூட. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காமராவில் விறகுக்கு எங்கே இடம்? அடுப்புக்கு மேலே பரணில் இரண்டு நாளைக்கு வேண்டியதை வைக்கலாம், அவ்வளவுதான். அதனால் இதைத் தோட்டத்தின் வேலையாக ஆக்க வேண்டும் என்கிறேன். மறுநடுகைக்கு மரம் வெட்டும் இயந்திரவாள் அங்கேயே நிற்கும்போது கிளைகளை ஒன்றரை அடித் துண்டுகளாக அறுத்துத் தருவது சிறிய வேலை. லயத்துக்கு ஒன்றாக, நான்கு கம்பம் நட்டு, மேலே தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்துவிட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தித் தட்டுக் கட்டினால் காற்று ஊடாகப் போகும். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு அடுக்கு: ஒன்று காய்வதற்கு, மற்றது எரிப்பதற்கு. மாசி, பங்குனி வெயிலில் நிரப்பிய அடுக்கு வைகாசி மழைக்குக் கைகொடுக்கும். தேயிலை ஸ்டோருக்குப் போகும் விறகை மழையில் நனையாமல் கொட்டகையில் அடுக்கி வைக்கும் வழக்கம் தோட்டங்களில் நெடுநாளாக உண்டு. அங்கே ஈர விறகு நட்டம் என்று கணக்குப் புத்தகம் சொல்லிவிடுகிறது. லயத்துக் குசினியில் அந்த நட்டத்தை எழுதிவைக்கும் புத்தகம் எதுவும் இல்லை. அது சமைக்கிறவளின் இருமலிலும் கண்ணெரிச்சலிலும் கிடக்கிறது.