யுத்தத்தில் மாண்ட மோட்டார் பிரியர்கள்

வேப்பம்பட்டிலிருந்து செங்குன்றம் போய், அங்கே கல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடித்துக் கும்மிடிப்பூண்டித் திசையில் பிரயாணம் செய்கிறவர்கள், கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே சோழவரத்தைத் தாண்டுகையில், இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில் பிரிட்டிஷ் சர்க்கார் போட்ட விமான ஓடுதளம் ஒன்று அந்த ஊரில் உண்டென்பதையோ, பிற்பாடு அந்த ஓடுதளமே தென்னிந்தியாவின் மோட்டார் பந்தயங்களுக்குத் தாய்வீடாக விளங்கியதென்பதையோ பெரும்பாலும் நினைப்பதில்லை. 1953-ல் ஆரம்பமான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் அங்கேதான் பந்தயங்களை நடத்தினார்கள். கோண்டல் மகாராஜா தம் ஜாகுவாருடன் வந்ததும், விஜய் மல்லையா பார்முலா ஒன் கார் ஓட்டியதும், பெயர் தெரியாத மெக்கானிக்குகள் பியட்டையும் ஹெரால்டையும் பிரித்து மேய்ந்து பந்தயத்துக்குச் சித்தம் செய்ததும் அந்தக் காங்கிரீட்டின் மேல்தான். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் தனிப் பந்தயத் தடம் அமைந்த பிறகு சோழவரத்துக் கூட்டமும் கலைந்தது.

யுத்தத்துக்காகப் போட்ட தளம் பந்தயத்துக்குப் பயன்பட்டது தற்செயல்தான் என்றாலும், இவ்விரண்டு உலகங்களுக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. யந்திரத்தின் மீது அளவு கடந்த அபிமானம் கொண்ட வாலிபனுக்கு, நாட்டிலுள்ள மிக வேகமான, மிக வலிய, மிகச் சிக்கலான யந்திரங்களை வைத்திருக்கும் இடம் ராணுவமே என்பது சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. ராணுவத்துக்கோ, யந்திரத்தின் முனகலைக் கேட்டே அதன் நோயைச் சொல்லக்கூடிய பையன்கள் எப்போதும் தேவைப்படுகிறார்கள். ஆகையால் யுத்தம் வரும்போதெல்லாம் மோட்டார் பிரியர்களின் கூட்டத்திலிருந்து சிலர் புறப்பட்டுப் போவதும், அவர்களிற் சிலர் திரும்பி வராமற்போவதும், மோட்டார் வண்டி தோன்றிய காலந்தொட்டே நடந்து வருகிற சமாசாரம். அப்படி மாண்டவனுக்குச் சக வண்டிப் பைத்தியங்கள் எவ்விதம் துக்கம் கொண்டாடுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால், மற்றவர்களுடைய துக்கத்துக்கு இல்லாத ஒரு தனிச் சுபாவம் அதில் புலப்படும்.

போரில் விழுந்தவனுக்குக் கல் நடும் சம்பிரதாயம் தமிழ் மக்களுக்குப் புதிதன்று. நடுகல்லில் வீரனை மட்டும் செதுக்குவதோடு நம் முன்னோர் நின்றுவிடவில்லை. அவன் கையிலிருந்த வில்லையும் வாளையும், சில இடங்களில் அவன் ஏறிய குதிரையையும் சேர்த்தே செதுக்கினார்கள். திருவண்ணாமலை ஜில்லாவைச் சேர்ந்த எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல்லொன்றில், எஜமானன் மாண்ட பின்னும் கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாய்க்கு உருவமும் பெயரும் உண்டு. விழுப்புரத்தை அடுத்த அரசலாபுரத்தில், சண்டைக் கோழி ஒன்றுக்கே கல் நட்டிருக்கிறார்கள். மனிதன் எதன்மீது பிரியம் வைத்திருந்தானோ அதையும் சேர்த்து நினைத்தால்தான் அவனை முழுமையாக நினைத்ததாகும் என்ற எண்ணம் இந்தக் கற்களில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

மோட்டார் பிரியர்கள் இதே எண்ணத்தைத்தான் வேறு விதமாக அனுஷ்டித்தார்கள். பிரான்ஸ் தேசத்தில் ஜார்ஜ் புவாலோ என்ற பந்தய வீரர், பியூஜோ கார் ஓட்டி 1912-லும் 1913-லும் பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தை அடுத்தடுத்து ஜயித்துத் தேசத்தின் செல்லப்பிள்ளையாக விளங்கினார். 1914 ஜூலையில் லியோன் நகரப் பந்தயத்தில் ஜெர்மானிய மெர்சிடிஸ் கார்களிடம் அவர் தோற்ற ஒரு மாதத்துக்குள் முதல் உலக யுத்தம் மூண்டது. பிரதான சேனாதிபதியான ஜாப்ருக்குக் கார் ஓட்டும் உத்தியோகம் அவருக்குக் கிடைத்தது, பத்திரமான உத்தியோகம்தான். அதில் மனம் ஒட்டாமல், விமானம் ஓட்டக் கற்றுப் போர்முனைக்குப் போனவர், 1916-ல் ஆகாயச் சண்டையில் மாண்டார். யுத்தம் முடிந்ததும் அவருடைய தோழர்கள் பூலோன் நகரில் 1921 முதல் 1928 வரையில் அவர் பெயரால் ஒரு கோப்பைப் பந்தயம் நடத்தினார்கள்.

இரண்டாம் உலக யுத்தத்திலும் இதேபோல் நடந்தது. ஆனால் அந்தக் கதை இன்னும் கொடியது. 1927-ல் டெலாஜ் கார் ஓட்டி ஐரோப்பாவின் பெரிய பந்தயங்கள் அனைத்தையும் வாரிக்கொண்ட ராபர்ட் பெனுவாவும், மொனாக்கோவில் 1929-ல் நடந்த முதல் கிராண்ட் பிரீயைப் பச்சை நிறப் புகாட்டியில் ஜயித்த வில்லியம் குரோவர்-வில்லியம்ஸும், ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்ஸில் பிரிட்டிஷ் ரகசியப் படைக்காக மறைந்து வேலை செய்தார்கள். 1943 ஆகஸ்டில் வில்லியம்ஸ் பிடிபட்டார். சில தினங்களில் பெனுவாவும் பிடிபட்டார். ஆனால், வாழ்நாளெல்லாம் வேகத்தோடு பழகிய அந்த மனிதர், தம்மைக் கொண்டுபோன ரகசியப் போலீஸாரின் காரிலிருந்து, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே குதித்துத் தப்பினார். மறுபடி 1944-ல் அகப்பட்டபோது தப்ப வழியில்லை. பூகன்வால்ட் முகாமில் அவருக்கும், சாக்ஸன்ஹாவுஸன் முகாமில் வில்லியம்ஸுக்கும் முடிவு வந்தது. கூட இருந்த மூன்றாவது பந்தய வீரரான ஜான்-பியர் விமீல், ஓடை நீருக்குள் அமிழ்ந்து கிடந்து பிழைத்தார் என்பார்கள்.

ஐரோப்பாவில் சமாதானம் திரும்பி நான்கு மாதம் ஆனதுமே, 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி, பாரிஸ் நகரத்துப் புவா த பூலோன் வனத்தில் பந்தயக் கார்கள் மீண்டும் உறுமின. யுத்தத்துக்குப் பிறகு ஐரோப்பாவில் நடந்த முதற் பெரிய பந்தய நாள் அது. அன்றைய பந்தயங்களில் ஒன்றுக்கு ராபர்ட் பெனுவா கோப்பை என்று பெயர். மற்றொன்று யுத்தக் கைதிகளின் பெயரால் நடந்தது. முந்தியதை அமெதே கோர்டினி ஜயித்தார். பிந்தியதை ஜயித்தவர், ஓடை நீரில் கிடந்து உயிர் பிழைத்த அதே விமீல். பெட்ரோலுக்கும் டயருக்கும் தரித்திரம் பிடித்த அந்த நாளில், தோழனுக்கு இரங்குவதற்கு இப்படி எண்ணெயை எரிப்பதா என்று கேட்டவர்கள் இருந்திருக்கலாம். மெளனமாக நிற்பதைவிட இதுவே அவருக்குப் பிடித்திருக்கும் என்பதுதான் என் அபிப்பிராயம். வில்லியம்ஸுக்கு மொனாக்கோவில், பந்தயத்தின் முதல் வளைவுக்கு அருகே, புகாட்டியில் அமர்ந்த கோலத்தில் சிலை வைத்திருக்கிறார்கள். குதிரையோடு செதுக்கிய நடுகல்லுக்கும் அதற்கும் அதிக தூரமில்லை.

ஆயினும் இந்த வகையில் எல்லாவற்றுக்கும் மேலாக நான் கருதுவது ஒரு தாயின் காரியத்தையே. இங்கிலாந்தில் ஓல்ட் வார்டன் என்னும் கிராமத்துப் பெரிய பண்ணைக்கு வாரிசாகப் பிறந்த ரிச்சர்ட் ஷட்டில்வொர்த், சிறு வயதிலேயே தகப்பனை இழந்த ஏக புத்திரன். கொஞ்ச காலம் ராணுவக் குதிரைப்படையில் உத்தியோகம் பார்த்துவிட்டு, இருபத்துமூன்றாம் வயதில் சொத்து கைக்கு வந்ததும், கொட்டகைகளில் துருப்பிடித்துக் கிடந்த ஆதிகாலத்துக் கார்களையும் விமானங்களையும் தேடித்தேடி வாங்கி, அவற்றைத் தாமே பிரித்து, தேய்த்து, பூட்டி ஓடவைப்பதில் பொழுதைக் கழித்தார். 1933-ல் தில்லியில் வைசிராய் கோப்பைக்காக நடந்த விமானப் பந்தயத்தில் கலந்துகொள்ள, ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய காம்பர் ஸ்விப்ட் என்ற சின்னஞ்சிறு விமானத்தில், நண்பர் ஒருவர் இன்னொன்றில் கூட வர, இங்கிலாந்திலிருந்து நம் தேசம் வரைக்கும் பறந்து வந்தார். 1935-ல் டானிங்டனில் நடந்த முதல் கிராண்ட் பிரீயை ஆல்பா ரோமியோ காரில் ஜயித்தார். அடுத்த வருஷ ஆரம்பத்தில் தென்னாப்பிரிக்கப் பந்தயத்தில் கார் கவிழ்ந்து மரணத்தின் வாசல்வரை போய்த் திரும்பினார். யுத்தம் வந்ததும் விமானப் படையில் சேர்ந்தார். 1940 ஆகஸ்ட் 2-ஆம் தேதி இரவு, பயிற்சிக்காக ஓட்டிப்போன ஃபேரி பேட்டில் விமானம் விழுந்து, முப்பத்தோராம் வயதில் இறந்துபோனார்.

புத்திர சோகத்தில் ஆழ்ந்த டாரதி அம்மையார் என்ன செய்திருக்கலாம்? மகன் வாங்கிச் சேர்த்த பழைய இரும்பையெல்லாம் விற்றுவிட்டு, தேவாலயத்தில் ஒரு பளிங்குக் கல் பதித்து, அத்துடன் விட்டிருக்கலாம். உறவினர் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ 1944-ல் மகன் பெயரால் ஒரு தர்ம ஸ்தாபனம் ஏற்படுத்தி, பண்ணையை விவசாயமும் விமான சாஸ்திரமும் கற்பிக்கும் காரியங்களுக்குக் கொடுத்து, அந்த வண்டிகளும் விமானங்களும் ஓடும் நிலையிலேயே இருக்கும்படி விட்டுச்சென்றார். 1963 முதல் பொதுஜனங்கள் அவற்றைப் பார்க்க அனுமதி உண்டு. மகன் 1935-ல் வாங்கிய 1909-ஆம் வருஷத்துப் பிளேரியோ விமானம், மரச்சட்டமும் துணியுமாக, மூன்றே சிலிண்டருள்ள அன்ஸானி எஞ்சினுடன் இன்றும் அங்கே இருக்கிறது. காற்று அடங்கிய மாலை வேளை வாய்த்தால் மட்டும் அதை வெளியே தள்ளிக்கொண்டு வருவார்கள். விமானி, மேலெல்லாம் எண்ணெய் தெறிக்க, புல்தரைக்கு மேலே சில அடி உயரம் எழும்பி, மைதானத்தின் அந்தக் கோடிவரையில் பறந்து, மறுபடி தரைக்கு இறங்கிவிடுவார். தில்லிப் பந்தயத்தில் ஷட்டில்வொர்த்தோடு போட்டியிட்ட அல்பன் அலி என்பவரின் சிவப்பு நிற ஸ்விப்ட் விமானமும், அஸ்ஸாமிலுள்ள சில்சாரிலிருந்து சுற்றிச்சுற்றி, இப்போது அந்தக் கொட்டகைக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

ஓடும் நிலையில் வைத்திருப்பது என்று எழுதிவிடுவது சுலபம். கல்லுக்கும் வண்டிக்கும் உள்ள பேதம் அங்கேதான். கல்லை நட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம், அது நிற்கும். வண்டியை நிறுத்திவைத்தால் அது நிற்காது, சாகும். பேட்டரி சில வாரங்களில் இறங்கிவிடும். பழைய கார்களில் கார்புரேட்டருக்குள் கிடக்கும் பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகி, ஜெட்டின் ஊசித் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, வீல் சிலிண்டரைத் துருவேற்றி, பிஸ்டனை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஒரே பக்கமாய்ப் பாரம் தாங்கிய டயர் அந்த இடத்தில் தட்டையாகும். நம் பக்கத்தில் எலிகள் வேறு, வயரைக் கடித்துப் பஞ்சை உருவிக் கூடு கட்டிவிடும். வேப்பம்பட்டு ரயிலடிப் பக்கத்து மெக்கானிக் ஒருவர் வாடிக்கைக்காரரிடம், “வண்டிய நிக்க வச்சா செத்துடும்ணே, வாரத்துக்கு ஒரு தபா ஸ்டார்ட் பண்ணி ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க” என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். டாரதி அம்மையார் ஏற்றுக்கொண்டது, இந்த வாரந்தோறும் வருகிற வேலையைத்தான்.

இவ்வளவையும் ஏன் நம் ஜில்லாப் பத்திரிகை வாசகருக்குச் சொல்லவேண்டும் என்றால், இந்தப் பிரதேசத்துக்கும் சிப்பாயின் வண்டிக்கும் உள்ள சம்பந்தம் மிக நெருக்கமானது. எல்லைக் காவலுக்கு ராணுவம் விரும்பிக் கேட்ட புல்லட் மோட்டார் சைக்கிளுக்காகத்தான் 1955-ல் திருவொற்றியூரில் எண்பீல்டு ஆலை எழுந்தது. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. எண்ணூரில் பிறந்த அசோக் லேலண்ட் கம்பெனியின் ஸ்டாலியன் லாரிகள் மலைமுனைகளுக்குச் சிப்பாய்களையும் சாமான்களையும் சுமக்கின்றன. திருவள்ளூரில் 1998 முதல் லேன்சர் கார் செய்தார்கள். அதன்மேல் இன்றும் உயிரை விடுகிற ரசிகர்கள் நாடெங்கும் உண்டு. இந்த ஆலைகளில் தகப்பன் வேலை பார்க்க, மகன் பட்டாளத்துக்குப் போகும் குடும்பங்கள் ஆவடி முதல் திருவள்ளூர் வரையிலுள்ள ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன. பையன் முதல் முதல் மிலிட்டரி கேன்டீன் மூலமாகச் சலுகை விலையில் கார் வாங்கி, லீவில் வந்து, அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, உறை போட்டு மூடிவைத்துப் போவதும் நாம் காணாத காட்சியன்று.

அந்தப் பையன் மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டியில் திரும்பி வந்தால், ஊர் திரளுகிறது. துப்பாக்கி மரியாதை நடக்கிறது. தெருமுனையில் பேனர் கட்டுகிறார்கள். பதினாறாம் நாள் ஆனதும் எல்லாரும் அவரவர் ஜோலிக்குப் போய்விடுகிறார்கள். உறை போட்ட வண்டி மட்டும் முற்றத்தில் நிற்கிறது. தாயாருக்கு அதைத் தொட மனம் வருவதில்லை. விற்கவும் மனம் வருவதில்லை. ஓட்டவோ அந்த வீட்டில் பலசமயம் யாருக்கும் தெரிவதில்லை. இரண்டு வருஷம் கழித்துக் காயலான் கடைக்காரர் வந்து எடைக்கு விலை பேசுகிறார். மோட்டார் பிரியரான நண்பர்களுக்கு வேலை இருப்பது இங்கேதான். பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருவர் போய், “அம்மா, சாவி கொடுங்க, ஒரு சுத்து போய்ட்டு வரேன்” என்று கேட்டு வாங்கி, பேட்டரியைப் பார்த்து, காற்றுப் பிடித்து, செவ்வாப்பேட்டை வரையில் ஓட்டிக்கொண்டு வந்து விட்டால் போதும். சோழவரத்தில் பந்தயம் பார்த்து வளர்ந்த தலைமுறையில் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு சட்ட விஷயத்தை மட்டும் நண்பர்கள் அந்த வீட்டாருக்குத் தாமதமில்லாமல் எடுத்துச்சொல்ல வேண்டும். வண்டியின் சொந்தக்காரர் இறந்துபோனால், வாரிசு முப்பது நாளைக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மரணத்தைத் தெரிவித்து, வண்டியைத் தாம் வைத்துக்கொள்ளப் போவதாகவும் எழுதிக் கொடுத்தால், மூன்று மாதம் வரையில் அதைத் தம்முடையதாகவே பாவித்து ஓட்டலாம். அந்த மூன்று மாதத்துக்குள் 31-ஆம் நம்பர் படிவத்தில் மனுப் போட்டு ஆர்.சி.யைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.