ஷேக்ஸ்பியர் வரலாறும் தக்கலை ஞானியின் வரலாறும்

பயண நூல்களால் பெயர்பெற்ற பில் பிரைசன் 2007-ஆம் ஆண்டில் ஷேக்ஸ்பியரைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஆயிரக்கணக்கான நூல்கள் இருக்க, இன்னும் ஒன்று எதற்கு? ஆவணங்களைக் கொண்டு அந்நாடகாசிரியரைப் பற்றி உறுதியாக எவ்வளவு சொல்லலாம் என்று அளந்து பார்ப்பதே அவருடைய நோக்கம். நூல் சிறிதாக அமைந்ததற்கும் அதுவே காரணம்.

1564 ஏப்ரல் 26-இல் ஸ்டிராட்ஃபோர்டு தேவாலயப் பதிவேட்டில் ஞானஸ்நானக் குறிப்பு. 1582-இல் திருமண உரிமம். 1585-இல் இரட்டைக் குழந்தைகள். அதன்பின் 1592 வரை அவர் எங்கிருந்தார், என்ன செய்தார் என்பதற்கு ஏறத்தாழச் சான்றே இல்லை. அவர் கைப்பட்டவை என்று பொதுவாக ஏற்கப்படுவன ஆறு கையொப்பங்கள். அவையும் எழுத்துக்கூட்டலில் ஒன்றுபடவில்லை. அவற்றுள் ஒன்று, லண்டனில் அவர் குடியிருந்த வீட்டுக்காரருக்கும் மருமகனுக்கும் நடந்த சீதன வழக்கில் 1612-இல் அவர் அளித்த சாட்சியத்தின் அடியில் உள்ளது. அமெரிக்கரான வாலஸ் தம்பதியர் பல்லாண்டுகள் லண்டன் ஆவணக்காப்பகத்தில் கட்டுக்கட்டாக ஏடுகளைப் புரட்டி, 1909-இல் அதனைக் கண்டெடுத்தனர். ஒரு கையொப்பத்தின் விலை அது.

ஸ்டீபன் கிரீன்பிளாட் 2004-இல் எழுதிய வரலாறு வேறு வழியில் செல்கிறது. காலச்சூழலையும் நாடகங்களையும் இணைத்து, நிகழ்ந்திருக்கக்கூடியதை அவர் கற்பனை செய்து காட்டுகிறார். படிப்பதற்குச் சுவையான நூல்தான்; ஆனால் ‘இருக்கலாம்’ என்று தொடங்கியது சில பக்கங்களில் ‘இருந்தது’ என்னும் உறுதியைப் பெற்றுவிடுவதை விழிப்புள்ள வாசகர் காண்பார். நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மொராக்கோ சுல்தானின் தூதர் அப்துல் வாஹித் 1600-இல் லண்டன் வந்து சில மாதங்கள் தங்கியிருந்தார். அவருடைய ஓவியமும் எஞ்சியுள்ளது. மூர் இனத் தளபதியைத் தலைவனாகக் கொண்ட ‘ஒத்தெல்லோ’ 1604 நவம்பரில் அரசவையில் நடிக்கப்பட்டது. இவ்விரண்டும் ஆவணம். தூதரைக் கண்டே கவிஞர் ஒத்தெல்லோவைப் படைத்தார் என்பதோ ஊகம். பரவலாக வழங்குவது பின்னதுதான்.

இந்த வேறுபாட்டை நம் பக்கத்து ஞானி ஒருவரின் வரலாற்றுக்குப் பொருத்திப் பார்க்க விழைகிறோம். பத்மநாபபுரம் அரண்மனைக்கு அணித்தே உள்ள தக்கலையில் அடங்கியிருக்கும் பீர்முகம்மது அப்பா, ‘ஞானப்புகழ்ச்சி’ முதலிய மெய்ஞ்ஞான நூல்களைத் தந்தவர். குறவஞ்சி என்னும் நாடக வடிவிலும் ‘ஞானரத்தினக் குறவஞ்சி’ பாடினார். தென்காசியில் பிறந்தார், பீர்மேட்டில் தவமிருந்தார், தக்கலையில் தறி நெய்து வாழ்ந்தார் என்பன மரபுச் செய்திகள். பாடல்கள் ஏராளம்; வாழ்க்கையாகச் சொல்லப்படுவதோ பெரும்பாலும் வாய்மொழி. எனினும் எளிய வரலாற்று நூல்கள் பிறப்பையும் பயணத்தையும் கராமத்தையும் ஒரே தொனியில், நேரில் கண்டாற்போல் எழுதிச் செல்கின்றன. அவற்றை மறுக்கப் புகுவோரோ எல்லாவற்றையும் ஒருசேரத் தள்ளிவிடுகின்றனர். இரண்டுமே நூலாசிரியரின் உழைப்பை மிச்சப்படுத்தும் வழிகள்.

காயல்பட்டினத்து சதக்கத்துல்லா அப்பா இவரைக் காண வந்தபோது தறிக்குழியிலேயே கஃபாவைக் காட்டினார் என்றொரு கதை உண்டு. அற்புதம் நம்பிக்கைக்குரியது, வரலாற்றாசிரியர் அதனை நிறுவவும் வேண்டா, நீக்கவும் வேண்டா. ஆனால் 17-ஆம் நூற்றாண்டினரான அவ்வறிஞரின் சமகாலத்தவராக மக்கள் இவரை நினைவில் வைத்துள்ளனர் என்பதும், அந்நினைவில் தறி நீங்கா இடம் பெற்றுள்ளது என்பதும் அக்கதையிலிருந்து கிடைக்கும் செய்திகள். இவ்வளவே அது தாங்கும் பாரம்.

பாடல்களிலிருந்து வாழ்க்கையைப் பிழிந்தெடுப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். ஷேக்ஸ்பியரின் சட்டச் சொற்களைக் கண்டு, அவர் வழக்கறிஞரிடம் எழுத்தராக இருந்திருப்பார் என 18-ஆம் நூற்றாண்டிலேயே மெலோன் கருதினார். அவரை மாலுமி என்றும் போர்வீரர் என்றும் கூறியோரும் உளர். குறவஞ்சியிலோ பேசுவோர் பாத்திரங்கள். அவர்தம் கூற்றைக் கவிஞரின் தன்வரலாறாகக் கொள்ளலாகாது.

இனி, நூல்கள் பிழைத்த விதம். ஷேக்ஸ்பியர் மறைந்த ஏழாண்டுகளுக்குப் பின், 1623-இல், உடன் நடித்த இருவர் 36 நாடகங்களைத் தொகுத்திராவிடில், அதுவரை அச்சேறாத 18 நாடகங்கள் நமக்குக் கிட்டாமலே போயிருக்கக்கூடும். தக்கலையில் ரஜப் பிறை 14 இரவில் மக்கள் கூடியமர்ந்து விடியும்வரை ஞானப்புகழ்ச்சியை ஓதுகின்றனர். நடிகர் இருவர் அங்குச் செய்த காப்புப் பணியை இங்கு ஓர் ஊரே தன் நாவால் செய்து வருகிறது. வரலாறு எழுதப் புகுவோர் அச்சு நூலோடு நில்லாது, ஓதும் முறையையும் பாடவேறுபாடுகளையும் பதிவு செய்தல் வேண்டும்.

ஆவணம் தேடுவதற்கும் இடமில்லாமல் இல்லை. பத்மநாபபுரம் திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த ஊர். அவ்வரசின் பழைய ஓலைச் சுருணைகள் திருவனந்தபுரம் ஆவணக்காப்பகத்தில் பெருந்தொகையாக உள்ளன. தக்கலை நெசவாளரின் வரியோ, பள்ளிவாசலுக்கு விட்ட நிலமோ அவற்றில் குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பது வாலஸ் தம்பதியர் செய்த வேலையைப் போன்றதே. அவ்வோலைகளில் பல வட்டெழுத்திலும் கோலெழுத்திலும் எழுதப்பட்டவை. அவற்றைப் படிக்கவல்லோர் இன்று மிகச் சிலர்.