நடுவயதில் வேறு வேலை

உத்தியோகம் தேடுதல் என்றவுடன், பட்டம் பெற்றுக் கல்லூரியை விட்டு வெளிவரும் இளைஞரின் உருவமே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. அவருக்கு அறிவுரை கூறப் பலர் இருக்கின்றனர். ஆனால் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஒரே தொழிலில் ஊறி, பிள்ளைகளின் படிப்பும் வீட்டுக் கடனும் தோளில் ஏறிய பின்னர் வேறு வேலை தேட நேரும் பொறியாளர், கணக்காயர், ஆய்வுக்கூடத்து இரசாயனர் ஆகியோரின் நிலை வேறு. இவர்களுக்கு நேரும் முதல் இடையூறு கூச்சமேயாகும். ஆலை மூடப்பட்ட செய்தியை உறவினரிடமும் மறைத்து, வழக்கம்போல் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு புறப்படுவோர் உண்டு. அவர்களை மனத்திற்கொண்டே இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறோம்.

மறைப்பதனால் விளையும் நட்டத்தை ஓர் ஆராய்ச்சி நன்கு விளக்குகிறது. மார்க் கிரானவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர், பாஸ்டன் நகரின் புறநகர் ஒன்றில் அண்மையில் வேலை மாறியிருந்தவர்களை விசாரித்து, 1973-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலமாக வேலை பெற்றோரிடம், அந்தத் தெரிந்தவரை எத்தனை முறை சந்திப்பது வழக்கம் என்று அவர் கேட்டார். அடிக்கடி சந்திப்பதாகக் கூறியோர் நூற்றுக்குப் பதினேழு பேர் அளவே. எப்போதாவது சந்திப்பதாகக் கூறியோர் ஐம்பத்தாறு பேர். அரிதாகவே சந்திப்பதாகக் கூறியோர் இருபத்தெட்டு பேர். விசாரிக்கப்பட்டோர் தொகை சிறிதுதான், ஊரும் நம்முடையதன்று. ஆயினும் காரணம் எங்கும் பொருந்துவதாகவே நமக்குத் தோன்றுகிறது. நெருங்கிய நண்பர் நம்முடைய வட்டத்திலேயே புழங்குகிறார். நாம் அறிந்ததையே அவரும் அறிந்திருப்பார். பத்தாண்டுக்கு முன் உடன் வேலை பார்த்துப் பிரிந்தவரோ வேறு வட்டத்தில் இருக்கிறார். அங்கே காலியாகும் இடம் அவர் காதில் விழும்.

ஆகவே பழைய சக ஊழியர், கல்லூரித் தோழர், சரக்கு வாங்கியும் விற்றும் பழகிய வணிகர் ஆகியோருக்கு எழுதுக. "ஒரு வேலை வாங்கித் தாருங்கள்" என்று எழுத வேண்டா. அது அவரைச் சங்கடத்தில் ஆழ்த்தும். தாம் செய்து வந்த பணி இன்னது, இப்போது தேடுவது இன்னது, அவர் துறையில் யாரைக் கண்டு பேசலாம் என்ற மூன்றும் அடங்கிய சிறு கடிதம் போதும். இதனைச் சிபாரிசு என்று எண்ணித் தயங்குவோர் நம்மிடையே மிகுதி. தகுதியில்லாதவரை உள்ளே நுழைப்பது சிபாரிசு. காலியிடம் இருக்கும் செய்தியைக் கேட்டறிவது விசாரணை. இரண்டும் ஒன்றல்ல.

அரசாங்க வழிகளையும் புறக்கணித்தல் ஆகாது. படைவீரர்களை மீண்டும் தொழிலில் அமர்த்துவதற்கென 1945-ஆம் ஆண்டில் தொடங்கிய ஏற்பாடே வேலைவாய்ப்பு நிலையங்களாக வளர்ந்தது. 1959-ஆம் ஆண்டுச் சட்டம், காலியிடங்களை இந்நிலையங்களுக்கு அறிவிக்க வேண்டுமென்று விதித்தது. ஆனால் அங்குப் பதிந்தவரையே நியமிக்க வேண்டுமென்று விதிக்கவில்லை. நிலையத்தின் பட்டியலோடு நில்லாமல் செய்தித்தாள்களிலும் விளம்பரம் செய்ய வேண்டுமென்று 1996-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பதிந்துவிட்டு அழைப்பு வருமெனக் காத்திருப்பவர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேருவது இதனாலேதான். பதிவும் வேண்டும், விளம்பரங்களை நாடோறும் பார்த்தலும் வேண்டும்.

அவ்விளம்பரங்களைப் படிப்பதிலும் ஒரு முறை உண்டு. அரசாங்க வாசகங்களை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட நாம் இதனைச் சற்று அழுத்தியே சொல்லலாம். "இன்றியமையாத தகுதி" என்பதும் "விரும்பத்தக்க தகுதி" என்பதும் வெவ்வேறு. முன்னது இல்லையெனில் விண்ணப்பம் தள்ளப்படும்; பின்னது இல்லையென்று கருதி விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவோர் தமக்குத் தாமே கதவைச் சாத்திக்கொள்கின்றனர். வயதும் அனுபவமும் எந்த நாளில் கணக்கிடப்படும் என்பதையும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே மத்திய அரசில் நிரந்தரமாக உள்ளவர் உரிய வழியாக விண்ணப்பித்து மற்றொரு துறைக்குச் சென்றால், பழைய பதவியின்மீதுள்ள உரிமை பொதுவாக இரண்டு ஆண்டுகள் காக்கப்படும். அவசரப்பட்டு வெறும் ராஜினாமாக் கடிதம் நீட்டுபவர் இதனை இழப்பார்.

தகுதிக் குறிப்பைப் பற்றி ஒன்றே சொல்வோம். பதவியின் பெயர் பிறருக்கு ஒன்றும் விளக்காது. "கணக்குப் பிரிவின் மேற்பார்வையாளர்" என்பதைக் காட்டிலும், "மாதக் கணக்கு முடிக்கப் பன்னிரண்டு நாள் ஆகிவந்தது, அதனை ஐந்து நாளாகக் குறைத்தேன்" என்பது தெளிவாகப் பேசும். நேர்முகத் தேர்வில் பழைய முதலாளியைக் குறை கூறாதிருத்தல் நலம். நாளைக்குத் தம்மையும் இவ்வாறே பேசுவார் என்று கேட்பவர் கருதுவார்.

வேறு வேலை கிடைக்கும் களிப்பில் பலர் பணத்தை மறந்துவிடுகின்றனர். நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை பெற ஐந்து ஆண்டுத் தொடர்ச்சியான பணி தேவை. நான்கு ஆண்டும் மூன்று மாதமும் முடித்தவர், புதிய இடத்தில் சில மாதம் அவகாசம் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. சேமநல நிதியை எடுத்துச் செலவிடுதல் அதனினும் பெரிய இழப்பு. 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தின்படி மாத ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணிக்காலம் வேண்டும். வேலை மாறும்போதெல்லாம் ஓய்வூதியப் பகுதியையும் சேர்த்து எடுத்துவிடுபவரின் கணக்கு மீண்டும் முதலிலிருந்தே தொடங்கும். மொத்தம் இருபதாண்டு உழைத்தும் ஓய்வூதியம் இல்லாமற் போகலாம். 2014 முதல் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரே நிலையான எண் வழங்கப்படுவதால், பழைய கணக்கைப் புதிய இடத்திற்கு மாற்றுவது எளிதாகியுள்ளது.

நியமனத்திற்கு முன்பணம் கேட்பவர் எவராயினும் விலகிவிடுக. வெளிநாட்டு வேலையெனில், 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற முகவர்தாமா என்பதை முதலில் சரிபார்க்க வேண்டும்.

நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், பதவி உயர்வு ஆணை ஆகியவற்றின் பிரதிகள் வீட்டில் இருக்கட்டும். பணியிலிருந்து விடுவித்ததற்கான சான்றைக் கடைசி நாளிலேயே கேட்டு வாங்குக. நிறுவனம் மூடப்பட்ட ஆறு மாதத்திற்குப் பின் சென்றால், கையெழுத்திட அங்கே எவரும் இருக்கமாட்டார்.