டோபமின்: பின்னாலிருந்து படிக்கப்பட்ட நோய்

'மூளையில டோபமின் ஜாஸ்தியாயிடுச்சு, அதைக் குறைக்கத்தான் இந்த மாத்திரை.' மனச்சிதைவு என்று பெயரிடப்பட்டவர்களின் வீடுகளில் நான் பலமுறை கேட்ட வாக்கியம் இது. டாக்டர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். சர்க்கரை அளவைச் சொல்கிற தொனி. ஆனால் சர்க்கரைக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். டோபமினை அந்த வீட்டில் யாருக்கும் யாரும் அளந்து பார்த்ததில்லை. மனச்சிதைவை உறுதிசெய்ய அப்படியொரு சோதனை இன்றைக்கும் நடைமுறையில் இல்லை. அப்புறம் எங்கிருந்து வந்தது இவ்வளவு உறுதி?

வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் வந்தது மருந்து. 1931ல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் சர்ப்பகந்தி வேர் பைத்தியத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பயன்படுவது பற்றி எழுதினார்கள் (நாட்டு வைத்தியர்களுக்கு இது பழைய சங்கதி). 1952ல் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்தது. அதே வருஷம் பாரீசில் டிலேயும் டெனிக்கரும் மனநோயாளிகளுக்குக் குளோர்புரோமசின் கொடுத்தார்கள். நோயாளிகள் அடங்கினார்கள். ஏன் அடங்கினார்கள் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

1957ல் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன், ரிசர்பின் செலுத்தப்பட்டு அசையாமல் கிடந்த முயல்களுக்கு எல்-டோபா ஊசி போட்டார். அவை எழுந்து நடமாடின. அதுவரை வேறொரு பொருள் தயாராகிற வழியில் வரும் இடைப்பொருளாக மட்டும் எண்ணப்பட்ட டோபமின், நரம்புக்கும் நரம்புக்கும் இடையே சேதி கொண்டுபோகும் ஒன்றாகத் தெரியவந்தது. 2000ல் அவருக்கு நோபல் பரிசு. 1975, 76 வாக்கில் டொரண்டோவில் சீமனும் பால்டிமோரில் ஸ்னைடரும், ஒரு மருந்து டோபமின் ஏற்பியை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறதோ அவ்வளவு குறைந்த அளவே நோயாளிக்குப் போதும் என்று காட்டினார்கள். இங்கேதான் ஒரு தாவல் நடந்தது. மருந்து டோபமினைத் தடுக்கிறது. எனவே நோய் என்பது டோபமின் மிகை. சுக்குக் கஷாயத்தில் சளி இளகுகிறது என்பதால், உடம்பில் சுக்கு குறைந்ததுதான் சளி என்று நாம் சொல்வோமா?

முழுக்கக் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. டோபமினைப் பெருக்கும் ஆம்ஃபிடமினை மிதமிஞ்சி எடுத்தவர்களுக்கு, யாரோ துரத்துகிறார்கள் என்கிற பயம் மனநோயாகவே முற்றுவதை 1958லேயே லண்டனில் கானல் பதிவு செய்தார். பார்க்கின்சன் நோய்க்கு எல்-டோபா சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரிகின்றன. மூளைப் படங்களிலும் மனச்சிதைவு உள்ளவர்களுக்கு, சராசரியாகப் பார்த்தால், டோபமின் உற்பத்தி கூடித்தான் இருக்கிறது. சராசரியாக. எல்லாருக்கும் இல்லை.

மூளையில் டோபமினுக்கு ஒரே வேலையா என்ன? உடம்பை அசைப்பதும் அதன் பொறுப்பு. மருந்து அதையும் சேர்த்தே அடைப்பதால் கை நடுங்குகிறது, முகம் இறுகுகிறது, எச்சில் வழிகிறது. தெருவில் பையன்கள் 'பைத்தியக்கார நடை' என்று நடித்துக்காட்டிச் சிரிக்கிறார்களே, அது பல சமயம் நோயின் நடையே இல்லை, மாத்திரையின் நடை.

அதிகாரம் இந்த மாத்திரையை எப்படிக் கையாண்டது என்பதும் தெரிந்ததுதான். 1968ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இருவர், கறுப்பின எழுச்சியோடு தொடர்புபடுத்தி 'எதிர்ப்பு மனநோய்' என்று ஒன்றை எழுதினார்கள். 1974ல் ஹாலோபெரிடால் விளம்பரத்தில் முஷ்டியை உயர்த்திய ஒரு கறுப்பு மனிதன். ஒத்துழைப்பு இந்த மருந்திலிருந்து தொடங்குகிறது என்கிற பொருளில் வாசகம். சோவியத் யூனியனில் பிளியுஷ்சைப் போன்ற அதிருப்தியாளர்களுக்கு அதே மருந்தைக் கட்டாயமாகக் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு நம் நண்பர்கள் ஃபூக்கோவைக் கையிலெடுத்து, பைத்தியம் என்பதே அதிகாரத்தின் கட்டமைப்பு என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. மூன்று நாளாகத் தூங்காமல் சுவரோடு சண்டை போடும் ஒருத்தரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். 2003ல் ஷிதிஜ் கபூர் வைத்த விளக்கம் எனக்கு உதவியது. எது முக்கியம், எதைக் கவனி என்று பொருள்களின் மேல் அடையாளம் வைப்பது டோபமின். அது தாறுமாறாகச் சுரந்தால் எதிர்வீட்டு ஜன்னல் சாத்தப்படுவது, டீக்கடை ரேடியோவில் வரும் ஒரு சொல், எதிரே வருபவர் இருமுவது எல்லாமே தன்னைக் குறித்த பிரதியாகிவிடும். அவ்வளவு அர்த்தத்தைத் தாங்க ஒரு கதை வேண்டும். மனம் அதைப் பின்னுகிறது. மாத்திரை அந்த அழுத்தத்தைத் தணிக்கும், கதையை அழிக்காது. கதையில் யார் துரத்துகிறார்கள், போலீசா, புருஷன் வீட்டாரா, ஊர்ச் சாதிக்காரர்களா என்பதை டோபமின் எழுதுவதில்லை. கேஸ் ஷீட்டில் அதற்கு 'பிரமை' என்று ஒரே சொல். கேட்க நேரமில்லை என்பார்கள், வரிசை அப்படி.

மற்ற மருந்துகள் கைவிட்ட இடத்திலும் பலன் தரும் குளோசபின், இந்த ஏற்பியைத் தளர்வாகவே பற்றுகிறது. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புதிய மருந்தில் வேலை செய்யும் சானோமெலினோ அதைத் தடுப்பதே இல்லை. வேறு ஏற்பிகள் வழியாகப் போகிறது. 1990களில் அதை அல்சைமர் நோய்க்காகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அந்த முதியவர்களின் பிரமைகளும் மாயக்குரல்களும் குறைவதைத் தற்செயலாகப் பார்த்தார்கள். இந்த முறையும் மருந்துதான் முந்தி வந்திருக்கிறது.