டைமிங் பெல்ட் வீட்டிலேயே மாட்டுகிறீர்களா? உஷார்!

குயிலாப்பாளையம்–

பழைய அம்பாசடர், பியட் கார்களில் டைமிங் செயின். 1983–ல் மாருதி 800 வந்தது. கூடவே ரப்பர் பெல்ட்டும் வந்தது.

"பெல்ட்தானே, நாமே மாட்டிடலாம்" என்று வீட்டு வாசலிலேயே ஸ்பேனரை எடுப்பவர்கள் உண்டு. குயிலாப்பாளையம் போன்ற கடலோர ஊரில் முதல் மல்லுக்கட்டு, உப்புக்காற்றில் துருப்பிடித்த கிராங்க் புல்லி போல்ட்டோடுதான். முந்தின ராத்திரியே எண்ணெய் விட்டு ஊற வைத்தால் தப்பிக்கலாம்.

வினை அதற்கப்புறம்! ஒரு பல் தள்ளி மாட்டினாலே வால்வு திறக்கும் நேரம் பிசகும். ரொம்பத் தள்ளிப்போனால், டீசல் வண்டியில் கேட்கவே வேண்டாம், பிஸ்டன் மேலேறி வால்வில் 'டங்' என்று இடிக்கும். வால்வு வளைந்தால் ஹெட்டையே கழற்ற வேண்டும். மெக்கானிக் கூலியை மிச்சம் பிடிக்கப் போய், மொத்தமும் காலி!

சாவியைத் தொடுமுன், ஸ்பேனர் போட்டுக் கையாலேயே கிராங்கை 2 சுற்று சுற்ற வேண்டும். மேல் புல்லி அப்போதுதான் 1 சுற்று முடிக்கும். குறிகள் நேராக நிற்கவில்லையா? அலுத்துக்கொள்ளாமல் மறுபடி கழற்ற வேண்டியதுதான்.